கையாளல்

வேண்டாங்க, நீங்க சாப்பிடுங்க. முட்டை பப்ஸ் மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை. கடைக்காரர் இதை எத்தனை மணிக்குப் போட்டார்னு கேட்டீங்களா? கேட்கலையா. கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு மஞ்சள் பல்பு எரிஞ்சதே, அந்தச் சூடு கிருமியைக் கொல்லப் போதாது, வளர்க்கப் போதும். ஐயோ, ஏன் காகிதத்தைச் சுருட்டிட்டீங்க? நான் பொதுவாச் சொன்னேன். ஒரு விஷயத்தைப் பொதுவாச் சொல்லக்கூட இந்த நாட்டுல இடமில்லை.

என் பேரு முல்லைக்கொடி. அப்பா தமிழ் வாத்தியார், வேற எப்படி வைப்பார்? நுண்ணுயிரியல்ல முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன், மூணாவது வருஷம். சாப்பாட்டுல கிருமி விட்டுட்டுப் போற நச்சைச் சோதனைக்கூடத்துல கண்டுபிடிக்கிறது, அதுதான் என் ஆய்வுத் தலைப்பு. விஷம்னு சொல்லாதீங்க. விஷம்னா யாரோ வச்சதுன்னு அர்த்தம் வந்துடுது. இது யாரும் வைக்கறதில்லை, தானா உண்டாகறது. நச்சு. இந்த வித்தியாசத்தை ஒரு பதிவாளருக்குப் புரிய வைக்க எனக்கு நாற்பது நிமிஷம் ஆச்சு, அவருக்குக் கடைசி வரைக்கும் புரியலை.

இந்தப் பேருந்து திருநெல்வேலி போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும்ல? அப்ப சொல்றேன், நீங்க நியாயம் சொல்லுங்க. நான் இப்ப திசையன்விளைக்கு அந்தப் பக்கம் ஒரு சமையல் கொட்டகைக்குப் போயிட்டு வர்றேன். அங்கே புஷ்பத்தக்கான்னு ஒருத்தங்களுக்கு ஒரு ஆணையைக் கொடுக்கப் போனேன். எட்டு மாசம் சண்டை போட்டு வாங்கின ஆணை. கொடுத்துட்டேன், கையெழுத்தும் வாங்கிட்டேன். ஜெயிச்சுட்டு வர்றேன்னுதான் சொல்லணும்.

மரியபுஷ்பம்னு முழுப்பேர். எங்க பல்கலைக்கழக மாணவியர் விடுதியில பதினாலு வருஷமாச் சமையல். புருஷன் இல்லை, ஒரு மகளைக் கட்டிக் கொடுத்துட்டாங்க. விடுதிக்குப் பின்னாலேயே ஒரு அறை, அதுலதான் இருந்தாங்க. அவங்களுக்குன்னு இருந்தது அந்த வேலையும் அந்தக் கைப்பக்குவமும்தான். கடுகு வெடிக்கிற சத்தத்தை வச்சே எண்ணெய் பழசா புதுசான்னு சொல்லிடுவாங்க. நான் மெஸ் கமிட்டிச் செயலாளர். நாங்க ரெண்டு பேரும் தினமும் சண்டை போடுவோம். "நீ சாம்பார்ல குறை சொல்லாத அன்னைக்கு எனக்கு மேலுக்கு முடியாமப் போயிரும் பிள்ள"ன்னு சிரிப்பாங்க.

போன மாசி மாசம் நிறுவனர் நாள். நானூத்திருபது முட்டை. முட்டை மசாலா வேணும்னு கேட்டு வாங்கினது நாங்கதான், அது எங்க உரிமை. காலையில ஏழு மணிக்கெல்லாம் அவிச்சு, உரிக்க உட்கார்ந்தாங்க. அக்காவுக்கு முந்தின நாள்தான் அரிவாள்மணையில வலது ஆள்காட்டி விரல்ல வெட்டு. துணி சுத்தியிருந்தாங்க. கையுறை வேணும்னு ஒரு மாசமாவே கேட்டுட்டிருந்தாங்கன்னு சொல்லணும், உண்மையை மறைக்கக் கூடாது. அந்தக் கோரிக்கை என் மேஜைக்கும் வந்தது. விடுதிக் காப்பாளரம்மா அதை முழுக்க ஆங்கிலத்துல எழுதியிருந்தாங்க. தமிழ்ல எழுதிக் கொண்டு வாங்க, கையெழுத்துப் போடறேன்னு திருப்பி அனுப்பினேன். திரும்பி வரலை. அது வேற பிரச்சினை, அதை இதோட கலக்கக் கூடாது.

மசாலா பத்து மணிக்குத் தயார். சிறப்பு விருந்தினர் பதினொன்றரைக்கு வரணும். வந்தது மூணேகால். அவர் சாப்பிடாம பிள்ளைங்க சாப்பிடக் கூடாதுன்னு காப்பாளரம்மா உத்தரவு. மூணு பெரிய அண்டாவும் மூடி போட்டு, சாக்குச் சுத்தி, ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்துல அஞ்சு மணி நேரம் இருந்தது. வெதுவெதுன்னு. கிருமிக்கு அதைவிட நல்ல தொட்டில் யாராலும் கட்ட முடியாது.

"திருப்பி ஒருக்கா கொதிக்க வச்சிருதேன்"னு அக்கா கேட்டிருக்காங்க. "விருந்தாளி வர்ற நேரம், அடுப்பைப் பத்த வைக்காதே, புகை வரும்"னு சொல்லிட்டாங்க. கொதிக்க வச்சிருந்தாலும் அந்நேரத்துக்குப் பிரயோசனம் இருந்திருக்காது. ஏன்னு பின்னால சொல்றேன்.

மூணரைக்குச் சாப்பிட்டோம். அஞ்சரைக்கு முதல் பொண்ணு வாந்தி. ஆறு மணிக்கு மாடிப்படி முழுக்க. அறுபத்து மூணு பேர். நானும் ஒருத்தி, ரெண்டு முட்டை தின்னேன். வாளி பத்தாம சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிட்டு ஓடினோம். புஷ்பத்தக்கா ஒவ்வொருத்தி நெத்தியையும் பிடிச்சுக்கிட்டு, "வெளிய வரட்டும் தாயி, வெளிய வரட்டும்"னு முதுகைத் தடவிவிட்டாங்க. யாரும் சாகலை. இந்த நச்சு ஆளைக் கொல்றது அபூர்வம், ஒரே நாள்ல போயிடும். அதனாலதான் யாரும் இதைப் பெரிசா எடுத்துக்கறதில்லை. ரெண்டு பேர் செத்திருந்தா நாலு ஆராய்ச்சிக்கூடம் கட்டியிருப்பாங்க.

மறுநாள் உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்தார், சோதனைக்குச் சாப்பாட்டு மாதிரி எடுக்க. எங்க விடுதியில ஒரு வழக்கம் உண்டு, சமைச்சதுல ஒரு கரண்டி எடுத்து எவர்சில்வர் டப்பாவுல போட்டு ஒரு நாள் முழுக்கக் குளிர்பெட்டியில வைக்கணும். அக்கா ஒரு நாளும் தவறினதில்லை. அன்னைக்கும் வச்சிருந்தாங்க, பரிமாறும்போது எடுத்தது. அதிகாரி சீசாவுல அடைச்சு, அரக்கு வச்சு, கொண்டு போனார். டப்பாவுல மிச்சம் இருந்ததை நான் வாங்கிட்டுப் போய் எங்க சோதனைக்கூடத்து உறைபெட்டியில வச்சேன். எதுக்குன்னு அப்ப தெரியாது. எதையும் தூக்கிப் போட மனசு வராது எனக்கு.

பதினாலு நாள் கழிச்சு அரசு சோதனைக்கூடத்து முடிவு வந்தது: 'நோய் உண்டாக்கும் கிருமிகள் கண்டறியப்படவில்லை.' அன்னைக்கே அறிவிப்புப் பலகையில காகிதம். "விடுதி உணவில் குறை ஏதும் இல்லை. மாணவியர் வளாகத்துக்கு வெளியே பானிபூரி உண்டதே காரணமாக இருக்கலாம்." அறுபத்து மூணு பேரும் ஒரே நேரத்துல ஒரே பானிபூரிக் கடைக்குப் போனோமாம்! நாங்க பொய் சொல்றோமாம்! எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்தது. 'கண்டறியப்படவில்லை'ங்கறதுக்கும் 'இல்லை'ங்கறதுக்கும் எவ்வளவு தூரம்? சாவியைத் தேடிக் கிடைக்கலைன்னா, வீட்டுக்கு சாவியே இல்லைன்னா அர்த்தம்?

புஷ்பத்தக்கா மட்டும் நிம்மதியா இருந்தாங்க. "மாதா காப்பாத்துனா. நான் பயந்துக்கிட்டே இருந்தேன் பிள்ள, என் சமையல்லதான் கோளாறோன்னு. நல்லவேளை, விட்டுருவோம்."

"விடறதா? எப்படிக்கா விடறது? கிருமி எப்படி இல்லாமப் போச்சு, அதைச் சொல்லுங்க."

"எனக்கு எப்படித் தெரியும்? நான் நல்லாத்தான் குடுத்தேன். வந்திருக்கது அதிகாரி, குளுந்து போனதையா குடுக்க? அடுப்புல வச்சு, தளதளன்னு கொதிக்க வச்சுத்தான் டப்பாவுல ஊத்திக் குடுத்தேன்."

நான் அப்படியே சமையல்கட்டுத் தரையில உட்கார்ந்துட்டேங்க. பாருங்க, மாதிரி எடுக்க வந்தவருக்கு ஆறிப்போனதைக் கொடுக்கிறது மரியாதை இல்லைன்னு சுட வச்சுக் கொடுத்திருக்காங்க! சிரிக்கிறதா அழறதா?

உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். கிருமி அஞ்சு மணி நேரம் அந்த முட்டையில குடித்தனம் பண்ணி, நச்சைத் துப்பி வச்சிருக்கு. கொதிக்க வச்சா கிருமி செத்துடும். துப்பினது போகாது. அது அரை மணி நேரம் கொதிச்சாலும் அசையாது. அரசு சோதனைக்கூடத்துல உயிரோட இருக்கிற கிருமியைத்தான் தேடினாங்க. வளர்தட்டுல தேய்ச்சு, ஏதாவது முளைக்குதான்னு பார்த்தாங்க. செத்தது எப்படி முளைக்கும்? திருடன் போயிட்டான், திருட்டு நடந்தது நடந்ததுதானே. நச்சைத் தேடறதுக்குத் தனிச் சோதனை உண்டு. அது எங்கிட்ட இருந்தது.

எங்க நெறியாளர் அம்மாகிட்ட கேட்டேன். அவங்க கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே, "முல்லை, உண்மையா இருக்கிறதையெல்லாம் அறிக்கையா எழுதணும்னு கட்டாயம் இல்ல. யாருக்கு என்ன ஆகும்னு யோசிச்சியா?"ன்னாங்க. பயந்தவங்க பேச்சு. நான் கேட்கலை.

தட்டு ஒண்ணு இருக்கும், பணியாரச் சட்டியைச் சுண்டுவிரல் நுனி அளவுக்குச் சுருக்கின மாதிரி. தொண்ணூத்தாறு குழி. ஒவ்வொரு குழியோட அடியிலயும் அந்த நச்சை மட்டும் கவ்விப் பிடிக்கிற பொருளைப் பூசியிருப்பாங்க. முட்டை மசாலாவை அரைச்சு, வடிகட்டி, அந்தத் தெளிவை ஊத்தணும். நச்சு இருந்தா ஒட்டிக்கும், மத்ததைக் கழுவிடலாம். கடைசியா நிறம் காட்டற மருந்து. முதல்ல நீலம் வரும், அமிலம் விட்டா மஞ்சளாகும். எங்க முட்டைக்கு என்ன மஞ்சள்ங்கறீங்க! குழிக்குக் குழி மஞ்சள். பக்கத்துல வச்ச வெறும் முட்டைக் குழியெல்லாம் தண்ணி மாதிரி. மூணு தடவை திருப்பிச் செஞ்சேன். மூணு தடவையும் அதேதான், ஏ வகை நச்சு. நான் அந்த அறையில தனியா நின்னு கை தட்டினேன்.

விசாரணைக் குழு கூடினது. பதிவாளர், புல முதன்மையர், காப்பாளரம்மா. ஆமாங்க, காப்பாளரம்மாவே குழுவில உறுப்பினர். சமைக்கிறவங்க சார்புல ஒருத்தரும் இல்லை. நான் அறிக்கையைத் தமிழ்லதான் எழுதினேன். எல்லாரும் ஆங்கிலத்துல எழுதச் சொன்னாங்க, முடியாதுன்னுட்டேன். தலைப்பு என்ன தெரியுமா? 'உணவுக் கையாளலில் நேர்ந்த மாசு.' கையாளல். எப்படி இருக்கு சொல்? அப்பாகிட்ட தொலைபேசியில சொன்னேன், அசந்துட்டார்.

பதிவாளர் அறிக்கையைப் புரட்டிட்டு ஒரே கேள்வி கேட்டார். "அப்ப பிள்ளைங்க சொன்னது நிஜம். சரிம்மா, ஒத்துக்கறோம். இந்த விஷம் முட்டைக்குள்ள எப்படிப் போச்சு?"

"விஷமில்லை சார், நச்சு. அதுக்கு ரெண்டு வேணும். ஒண்ணு, கிருமி. அது மனுஷங்க தோல்ல, மூக்குல, புண்ணுல இருக்கும். ரெண்டாவது, நேரம். சூட்டுல அஞ்சு மணி நேரம்."

"முதல்ல ஒண்ணாவதைப் பார்ப்போம். யார் கையிலேருந்து?"

"நேரந்தான் சார் முக்கியம்."

"நேரத்தைப் பணிநீக்கம் பண்ண முடியாதேம்மா"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. காப்பாளரம்மா நல்லாவே சிரிச்சாங்க.

என்னால கண்டுபிடிக்க முடியாதுங்கற மாதிரி அந்தச் சிரிப்பு. "முடியும் சார்"னேன். "கையிலேருந்து மாதிரி எடுத்து வளர்த்தா, அது இதே நச்சை உண்டாக்குதான்னு பார்த்துடலாம்." குழு அன்னைக்கே தீர்மானம் போட்டுச்சு. ஒரு ஆராய்ச்சி மாணவி பேச்சைக் கேட்டு ஒரு பல்கலைக்கழகம் தீர்மானம் போட்டுக் கேள்விப்பட்டிருக்கீங்களா?

சமையல்கட்டுல ஆறு பேர். பஞ்சுக் குச்சியோட நானே போனேன். புஷ்பத்தக்கா மருதாணி வைக்கக் கொடுக்கிற மாதிரி கையை நீட்டினாங்க. புண் பாதி ஆறியிருந்தது.

"இது என்னத்துக்கு பிள்ள?"

"சும்மாதான்க்கா. உங்க மேல ஒண்ணும் இல்லைன்னு காட்டறதுக்கு."

"அது எனக்குத் தெரியாதா? நீ எனக்குக் கெடுதல் செய்வியா?"

நான் சொன்னது பொய்யில்லைங்க. அஞ்சு பேருக்கு அப்படித்தான் வந்தது, ஒண்ணும் இல்லைன்னு. அக்காவோட புண்ணுலேருந்து எடுத்தது மட்டும் முளைச்சது. முளைச்சது ஏ வகை நச்சை உண்டாக்கினது. நான் என்ன செய்ய முடியும்? குழியில மஞ்சள் வந்தா மஞ்சள்னுதானே எழுதணும்?

ஆனா அடிக்குறிப்புல எழுதினேன். ரெண்டாவது அடிக்குறிப்பு. 'இவ்வகை நச்சு மிகப் பொதுவானது. நலமாயிருப்போர் பலரின் மூக்கிலும் கையிலும் இக்கிருமி உண்டு. ஆகவே இதைக் கொண்டு ஒருவரை உறுதியாகச் சுட்ட இயலாது.' தெளிவா இருக்கா இல்லையா? அதைப் படிக்காதது யார் தப்பு?

உங்க முகத்தைப் பார்த்தா கேள்வி தெரியுது. மத்தவங்க கை என்ன ஆச்சுன்னுதானே? அன்னைக்கு முட்டை உரிக்கறப்ப மெஸ் கமிட்டிப் பொண்ணுங்க நாங்களும் எட்டுப் பேர் போய் உட்கார்ந்தோம். ஆளுக்குப் பத்து இருபது உரிச்சிருப்போம், புகைப்படம்கூட இருக்கு, எனக்கு அப்ப ஜலதோஷம், மூக்கு சிவந்து போய் உட்கார்ந்திருப்பேன். தீர்மானத்துல 'சமையல் பணியாளர்கள்'னுதான் இருந்தது. மாணவிகள்னு இல்லை. அதுவுமில்லாம ஆய்வு செய்யறவளே தன்னை மாதிரியா எடுத்துக்கறது முறையில்லைங்க. எந்த ஆய்வு நெறியிலயும் அதுக்கு இடமில்லை.

ஒரு வாரத்துல ஆணை வந்துடுச்சு. சாப்பாட்டு அறை வாசல்லயே ஒட்டிட்டாங்க. அக்காவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். என்னைக் கூப்பிட்டு, "என்ன போட்டுருக்கு, படி"ன்னாங்க.

படிச்சேன். 'உணவுக் கையாடல் காரணமாகச் சமையல் பணியாளர் மரியபுஷ்பம் பணிநீக்கம் செய்யப்படுகிறார்.'

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிடுச்சு. கையாடல்! நான் எழுதினது கையாளல். ள போய் ட வந்துட்டுது! கையாளல்னா கையால எடுத்துச் செய்யறது. கையாடல்னா திருட்டு. பதினாலு வருஷம் வேலை செஞ்சவங்களைத் திருடின்னு எழுதி ஒட்டியிருக்காங்க! நான் அங்கேயே கத்த ஆரம்பிச்சுட்டேன். அக்கா என் கையைப் பிடிச்சு, "கத்தாத பிள்ள, எல்லாரும் பாக்காவ. வேலை போச்சா, இருக்கா? அத மட்டும் சொல்லு"ன்னாங்க.

"போச்சுக்கா. ஆனா அந்தச் சொல்லை நான் விடமாட்டேன்."

"சொல்லு கிடக்கட்டும்"னாங்க. அன்னைக்குச் சாயங்காலமே துணிமணியை மூட்டை கட்டிட்டு ஊருக்குப் போயிட்டாங்க. போகும்போது அண்டாவுல மறுநாளைக்கு அரிசி அளந்து வச்சுட்டுத்தான் போயிருக்காங்க.

அதுக்கப்புறம் எட்டு மாசம். தட்டச்சர் உலகநாதன் சொல்றார், "கையாளல்னு அடிச்சா கணினியில சிவப்புக் கோடு வருதும்மா. கையாடல்னு அடிச்சா வரலை. கோடு இல்லாததுதானே சரி?" கணினி தீர்மானிக்குது ஒரு மனுஷி திருடியா இல்லையான்னு! மனு கொடுத்தேன். தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டேன். திருத்தம்னா புதுசா ஒரு குழு கூடணும்னாங்க. கூட்டுங்கன்னேன். முதன்மையர் என்னைப் பார்த்தா வேற வழியாப் போவார். சாப்பாடு அஞ்சு மணி நேரம் காத்துக் கிடந்ததையும் ஆணையில சேர்க்கணும்னு கேட்டேன், அது முடியாதுன்னுட்டாங்க. சரி, ஒவ்வொண்ணா வாங்குவோம்னு எழுத்தை மட்டும் பிடிச்சுக்கிட்டேன். ஒரு எழுத்து. போன வாரம் கிடைச்சுடுச்சு, பதிவாளர் கையெழுத்தும் முத்திரையுமா. நானே நேர்ல கொண்டு போய்க் கொடுக்கறேன்னு வாங்கிட்டு வந்தேன்.

அக்கா இப்ப தவசிமுத்து அண்ணாச்சின்னு ஒருத்தர்கிட்ட வேலை. கல்யாணத்துக்கும் கோயில் அசன விருந்துக்கும் சமைச்சுக் கொடுக்கிறவர். ரோட்டோரம் பெரிய கொட்டகை. நான் போனப்ப பத்துப் பதினஞ்சு பேர் வெங்காயம் உரிச்சுட்டிருந்தாங்க, ஏதோ நிச்சயதார்த்தமாம். அக்கா நடுவுல நின்னு, கரண்டியால ஆளுக்கு ஆள் வேலை சொல்லிட்டிருந்தாங்க. கொஞ்சம் பூசினாப்பல இருந்தாங்க. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "ஏ, எங்க காலேஜ் பிள்ள வந்திருக்கு! டாக்டருக்குப் படிக்கி! அண்ணாச்சி, இதுதான் நான் சொல்லுவேம்லா, சாம்பார்ல குறை சொல்லுகிற பிள்ள!"

எல்லாரும் சிரிச்சாங்க. அண்ணாச்சி நாற்காலி எடுத்துப் போடச் சொன்னார். நல்ல மனுஷர்தான், அதையும் சொல்லணும்.

"அக்கா, உங்க ஆணையைத் திருத்திக் கொண்டு வந்திருக்கேன்"னேன்.

அக்கா சிரிப்பு அப்படியே நின்னுடுச்சு. "அத அங்கிட்டுப் போய்ப் பாப்போம் பிள்ள. முதல்ல காப்பி குடி."

"ஏன்க்கா அங்கிட்டு? உங்களைத் திருடின்னு ஊருக்கு முன்னால ஒட்டினாங்க. இல்லைங்கறதையும் ஊருக்கு முன்னாலதான் படிக்கணும்."

"சரியாத்தானே சொல்லுது பிள்ள"ன்னு அண்ணாச்சி சொன்னார். "படிங்கம்மா. நம்ம புஷ்பம் களவாண்டிருக்காதுன்னு எனக்கு அப்பவே தெரியும்."

எழுந்து நின்னு, சத்தமாப் படிச்சேன். 'உணவுக் கையாடல் என்பது உணவுக் கையாளல் எனத் திருத்தப்படுகிறது. மேற்படி பணியாளர் எப்பொருளையும் திருடவில்லை. அவர் கையிலிருந்து உணவில் கலந்த நச்சினால் அறுபத்து மூன்று மாணவியர் பாதிக்கப்பட்டமையே பணிநீக்கத்துக்குக் காரணம்.'

வெங்காயம் உரிச்சவங்க கத்தி நின்னுடுச்சு.

அண்ணாச்சி கேட்டார், "நச்சுன்னா? வெஷமா?"

"இல்லை அண்ணாச்சி, அப்படிச் சொல்லக் கூடாது. யாரும் வைக்கிறதில்லை. கையில தானா இருக்கும், கண்ணுக்குத் தெரியாது."

"கொதிக்க வச்சா போயிருமா?"

எனக்குப் பொய் சொல்ல வராதுங்க. "கிருமி போயிடும். நச்சு உண்டாயிட்டா அது கொதிச்சாலும் போகாது"ன்னேன். "ஆனா பயப்படறதுக்கு ஒண்ணுமில்லை. இது உங்க கையிலயும் இருக்கலாம், என் மூக்குலயும் இருக்கலாம். நேரத்தோட பரிமாறிட்டா ஒண்ணும் ஆகாது." எல்லாத்தையும் விளக்கினேன். குழித்தட்டு, மஞ்சள், ஏ வகை, ஒண்ணு விடாம. நான் பேசப் பேச, ஒரு அம்மா எழுந்து வந்து அக்கா முன்னால இருந்த தேங்காய்ப் பால் வாளியை எடுத்துட்டுப் போய் அந்தப் பக்கம் வச்சாங்க. சத்தமில்லாம. அண்ணாச்சி அதைப் பார்த்தார். தோள்துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டு, "புஷ்பம், நீ இன்னைக்கு வீட்டுக்குப் போ. பிள்ள வந்திருக்குல்லா. சொல்லி அனுப்புதேன்"னார்.

அக்கா கரண்டியைக் கழுவி, கவுத்து வச்சாங்க.

ஆணையைப் பெற்றுக்கொண்டதுக்குக் கையெழுத்து வேணும், இல்லைன்னா பதிவாளர் அலுவலகத்துல கோப்பை மூட மாட்டாங்க. காகிதத்தை நீட்டினேன். மரியபுஷ்பம்னு ஒவ்வொரு எழுத்தா, நிறுத்தி நிறுத்திப் போட்டாங்க.

பேருந்து நிறுத்தம் வரைக்கும் கூட வந்தாங்க. நான்தான் கேட்டேன், "அக்கா, எம்மேல கோபமா?"

"கோவம் என்னத்துக்கு? நீ படிச்ச பிள்ள. சரியாத்தான் செஞ்சிருப்ப."

"அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு? திருடிங்கற பேரு போயிடுச்சுல்ல?"

அக்கா நின்னாங்க. "அங்க என்னையக் களவாணின்னு எழுதி ஒட்டுனது இவியளுக்குத் தெரியும் பிள்ள. முதல் நாளே நானே சொல்லித்தான் சேர்ந்தேன். அவிய நம்பல, ஆனாலும் ஒரு கண்ணு வைப்பாவ. முட்டைய எண்ணிக் குடுப்பாவ, எண்ணி வாங்குவாவ. தேங்காயையும் அப்படித்தான். ஆறு மாசமா எண்ணுனாவ, ஒண்ணும் குறையல. பிறவு எண்ணுகதையே விட்டுட்டாவ. இப்ப கையில இருக்கு, கண்ணுக்குத் தெரியாதுன்னு சொல்லிட்ட. அத என்னத்த வச்சு எண்ணுவாவ?"

நான் சும்மா இருக்கலைங்க. கேள்வின்னு வந்தா பதில் சொல்லணும். "எண்ணலாம்க்கா, அதுக்குத்தானே சோதனை இருக்கு. எவ்வளவு நுணுக்கமா இருந்தாலும் எண்ணிடலாம்"னு சொன்னேன். சரியான பதில்தானே? அறிவியல்படி அதுதான் பதில். "அப்ப சரி"ன்னாங்க. என் தலையில கை வைக்கிற மாதிரி தூக்கிட்டு, வைக்காம இறக்கிட்டாங்க.

நீங்களும் விட்டுடுன்னுதானே சொல்லப் போறீங்க? எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. உண்மையைச் சொன்னவ மேல எல்லாருக்கும் வருத்தம், தாமதமா வந்த விருந்தாளி மேல ஒருத்தருக்கும் வருத்தமில்லை. நாளைக்கே அந்த அஞ்சு மணி நேரத்துக்குத் தனியா ஒரு மனு போடப் போறேன்.

இந்த வண்டி வந்தது, ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். திரும்பிப் பார்த்தா, அக்கா ரோட்டோரத் தண்ணிக் குழாயைத் திறந்து கையைக் கழுவிட்டிருந்தாங்க. சோப்பு இல்லாம, வெறும் தண்ணியில, ஒவ்வொரு விரலா. இருபது நொடி கழுவினாப் போதும், அதுதான் முறை. நான் எண்ணிப் பார்த்தேன். இருபது தாண்டி, நாற்பது தாண்டி, வண்டி வளைவுல திரும்பற வரைக்கும் அவங்க கழுவிட்டேதான் இருந்தாங்க.